அயல்நாட்டுக் களத்தில் நேர்காணல்

முனைவர் பட்டத்துக்காக வேறொரு நாட்டுக்குப் போய், அங்குள்ளவர்களிடம் பேசி, அந்தப் பேச்சையே சான்றாகக் கொண்டு ஆய்வேடு எழுதும் வழக்கத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு வயதுதான் ஆகிறது. அதற்கு முன்பு, பாதிரியார்களும் காலனி அதிகாரிகளும் எழுதி அனுப்பிய குறிப்புகளை வைத்துக்கொண்டு, நூலகத்தை விட்டு நகராமலே தொலைதூர மக்களைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் எழுதப்பட்டன. முதல் உலகப் போர்க் காலத்தில் ட்ரோபிரியாண்ட் தீவுகளில் நெடுநாள் தங்கி, அத்தீவினரின் மொழியிலேயே பேசிப் பழகிய மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியின் நூல் 1922இல் வெளிவந்தது. அதன் பிறகு, லண்டன் பொருளியல் பள்ளியில் அவரிடம் படித்தவர்களுக்குக் களம் போவது கட்டாயச் சடங்காகிவிட்டது. இன்று அந்தச் சடங்கு மானிடவியலோடு நிற்கவில்லை. அரசியல், சமூகவியல், புவியியல், பொதுச் சுகாதாரம் என்று எத்தனையோ துறை மாணவர்கள் முதல் ஓரிரண்டு ஆண்டு வகுப்பில் கழித்து, ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன் வைத்து ஒப்புதல் வாங்கியபின், ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை அயல்நாட்டில் தங்குகிறார்கள்.

அதற்கான பயிற்சி அந்த நாளில் எப்படி இருந்தது என்பதற்கு மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் சொன்ன கதை ஒன்று போதும். 1920களில் சூடானின் அசாண்டே மக்களிடம் புறப்படுமுன் அவர் மூத்தவர்களிடம் யோசனை கேட்டார். இரவுதோறும் கொய்னா சாப்பிடு, பெண்களிடம் போகாதே என்றார் ஒருவர். எவரிடமும் இருபது நிமிடத்துக்கு மேல் பேசாதே என்றார் இன்னொருவர். முட்டாளாக நடந்துகொள்ளாதே என்பதோடு முடித்துக்கொண்டார் மலினோவ்ஸ்கி. இன்று ஆய்வுமுறைக்கென்றே வகுப்புகளும் தடித்த பாடநூல்களும் இருக்கின்றன. ஆனாலும் முதல் பத்து நேர்காணல்கள் சொதப்புவது மட்டும் மாறவில்லை.

களப்பணிக்கு மூன்று அனுமதிகள் வேண்டும். முதலாவது, சொந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவுடையது. இரண்டாவது, போகிற நாட்டினுடையது. கென்யாவில் அறிவியல் ஆணையத்தின் உரிமம் இல்லாமல் ஆய்வு செய்ய முடியாது. இந்தியா அயல்நாட்டு ஆய்வாளர்களுக்குத் தனி ஆய்வு விசா வைத்திருக்கிறது. இந்தோனேசியா 2019இல் நிறைவேற்றிய சட்டம், அனுமதியின்றி ஆய்வு செய்யும் அயல்நாட்டவருக்குத் தண்டனைப் பிரிவுகளையே சேர்த்துவிட்டது. பல நாடுகளில் உள்ளூர்ப் பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ ஒன்று 'இவர் எங்களோடு இணைந்தவர்' என்று கடிதம் தர வேண்டியிருக்கும். அந்தக் கடிதம் கைக்கு வர சில நேரம் அரையாண்டு ஓடிவிடும். விமானச் சீட்டை அதற்கு முன்பே எடுத்துவிட்டுக் கையைப் பிசைபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. மூன்றாவது அனுமதி பேசப்போகிறவருடையது. மற்ற இரண்டும் இதற்காகத்தான் என்றாலும், பயணத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கப்படும் நேரமே மிகக் குறைவு.

அறநெறிக் குழுக்களின் வேர் மருத்துவத்தில் இருக்கிறது. நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கையொட்டி 1947இல் வந்த நியூரம்பெர்க் நெறிகளும், அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டு பெல்மான்ட் அறிக்கையும் மனித உடலின் மேல் சோதனை நடத்துவோரைக் கட்டுப்படுத்த எழுந்தவை. விளக்கத்தாளைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவது அங்கிருந்து வந்த பழக்கம். மருத்துவமனையில் அது நோயாளிக்குப் பாதுகாப்பு. ஆட்சிக்கு அஞ்சி வாழும் ஊரிலோ, கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்த குடும்பத்திலோ அதே தாள் வேறு பொருள் கொள்ளும். அங்கே பெயரும் ஒப்பமும் இட்ட காகிதம்தான் பேசியவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆவணம். இதை உணர்ந்த குழுக்கள் இப்போது வாய்மொழி ஒப்புதலை ஏற்கின்றன. ஏற்காத குழுவிடம் மாணவர் வாதாடத்தான் வேண்டும். நெறியாளரும் துணை நிற்க வேண்டிய இடம் அது.

அடுத்தது மொழி. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட்-ஹேஸ் நிதி, களத்தின் மொழியில் தேர்ச்சி காட்டச் சொல்கிறது. தமிழ்நாட்டைக் களமாகக் கொண்ட அமெரிக்க மாணவர்கள் பலர், இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம் மதுரையில் நடத்தும் தமிழ் வகுப்பில் படித்தவர்கள். அப்படிப் படித்தாலும் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு வரும் மொழி, சாவைப் பற்றியும் கடனைப் பற்றியும் கேட்கப் போதாது. எனவே பெரும்பாலோர் ஒரு மொழிபெயர்ப்பாளரை நம்பியே இருக்கிறார்கள்.

இந்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஆய்வேடுகள் வழக்கமாக நன்றியுரையில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துவிடும். நேர்காணலின் பாதி அவர் கையில்தான் இருக்கிறது. ஒரு மூதாட்டி ஐந்து நிமிடம் பேசுகிறார். இடையில் குரல் தழுதழுக்கிறது, கையால் ஏதோ ஓர் உயரத்தைக் காட்டுகிறார், வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். மொழிபெயர்ப்பாளர் திரும்பி, 'ரொம்பக் கஷ்டப்பட்டதாகச் சொல்கிறார்' என்கிறார். அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்கும் ஆய்வாளர், மூதாட்டி சொன்னதில் பெரும்பகுதியை அங்கேயே தொலைத்துவிடுகிறார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சுருக்குவதில்லை. தன் ஊரின் அசிங்கம் அயலாருக்கு எதற்கு என்ற கூச்சம், கிழவியின் பேச்சில் என்ன இருக்கிறது என்ற படித்தவரின் அலட்சியம், அல்லது வெறும் களைப்பு. அவருடைய இனம், சமயம், பால், குடும்பத்தின் அரசியல் ஆகியவற்றை ஊரார் முதல் பார்வையிலேயே கணித்துவிடுவார்கள். ஆய்வாளருக்கு மட்டும் அது தெரிந்திருக்காது. முன்கூட்டியே இருவரும் உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாகப் பேசி, எதைச் சுருக்கக் கூடாது என்று முடிவு செய்து, ஒவ்வொரு நாள் மாலையிலும் ஒலிப்பதிவைச் சேர்ந்து கேட்பதே தேறிய வழி. கூலி நியாயமாக இருக்க வேண்டும் என்பதோடு, ஆய்வாளர் போனபின் அவருக்கு ஆபத்து வருமா என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

எங்கே தங்குவது என்பது தற்செயலான ஏற்பாடாகத் தோன்றும். யார் பேசுவார்கள், யார் பேசமாட்டார்கள் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான். இதற்குச் சிறந்த சான்று தஞ்சாவூரில் இருக்கிறது. ஆந்திரே பெத்தேல் 1960களின் தொடக்கத்தில் தில்லிப் பல்கலைக்கழக முனைவர் பட்டத்துக்காகத் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கினார். ஸ்ரீபுரம் என்பது அவர் அதற்கு இட்ட புனைபெயர். வங்காளத்திலிருந்து வந்த அவருக்கு நாடு அயல் இல்லை என்றாலும் ஊரும் மொழியும் அயல்தான். அவருக்கு வீடு கிடைத்தது அக்கிரகாரத்தில். அங்கே இருந்துகொண்டு ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு விருப்பம்போல் போய்வர முடியவில்லை. 1965இல் வந்த நூலில் அந்தத் தடையையும், அதனால் தகவலில் விழுந்த குறையையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். ஒருவர் இன்னொருவரைக் காட்ட, அவர் வேறொருவரைக் காட்ட என்று ஆள் சேர்க்கும் முறையிலும் இதே சிக்கல் உண்டு. முதல் ஆள் ஒரு கட்சிக்காரராக இருந்தால் நாற்பதாவது ஆளும் அதே கட்சிக்காரராகவே இருப்பார். எனவே தொடர்பே இல்லாத மூன்று நான்கு இடங்களிலிருந்து தொடங்குவது நல்லது.

எத்தனை பேரிடம் பேசினால் போதும் என்று எல்லா மாணவர்களும் கேட்கிறார்கள். கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களைப் பகுத்து கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகிய மூவர் 2006இல் எழுதிய கட்டுரை, முதல் பன்னிரண்டிலேயே முக்கியக் கருத்துகள் அநேகமாக எல்லாம் வந்துவிட்டன என்றது. அன்றுமுதல் பன்னிரண்டு என்ற எண் மந்திரம்போல் ஓதப்படுகிறது. அவர்கள் பேசியது ஏறத்தாழ ஒரே சூழலில் வாழும் பெண்களிடம், ஒரே கேள்வித்தாளுடன் என்பதைச் சொல்ல மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். ருவாண்டா இனப்படுகொலையில் பங்குகொண்டு தண்டனை பெற்ற 210 பேரைச் சிறைகளில் கண்டு பேசிய ஸ்காட் ஸ்ட்ராஸுக்கு அந்த எண்ணிக்கை தேவைப்பட்டது. நாடு முழுவதற்கும் பொருந்தும் விடையை அவர் தேடினார் என்பதே காரணம். கேள்வி எவ்வளவு அகலமோ அவ்வளவு பேர் வேண்டும். இதற்கு மேல் துல்லியமான சூத்திரம் எதுவும் கிடையாது.

இனி, உட்கார்ந்து பேசும் அந்த ஒரு மணி நேரம். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்ததும் பேச்சு விறைத்துக்கொள்ளும். சில நிமிடங்கள் பிள்ளைகள், வேலை, விலைவாசி என்று போனால் கருவி மறந்துபோகும். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். போகச் சொல்வது மரியாதை இல்லை. அவர் இருக்கும்போது கேட்கக் கூடாதவற்றை ஒத்திவைத்து, அவர் விரும்பிப் பேசக்கூடிய ஒன்றுக்குத் தாவுவதே வழி. 'ஏன் அப்படிச் செய்தீர்கள்?' என்ற கேள்வி எந்த மொழியிலும் குற்றம் சாட்டுவதுபோல ஒலிக்கும். பதிலாக ஒரு நியாயம்தான் கிடைக்கும். 'அன்று காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்' என்றால் கதை வரும். அதில் யார் வந்து கதவைத் தட்டினார்கள், யார் லாரி கொண்டுவந்தார்கள், யார் வராமல் இருந்தார்கள் என்பதெல்லாம் கேட்காமலே வந்து விழும். மௌனத்தை நிரப்ப அவசரப்படாதவர்களுக்கே நல்ல பதில் கிடைக்கிறது. கருவியை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டும் நேரத்தில்தான் முக்கியமானது வெளிவரும் என்பதும் களம் கண்டவர்கள் எல்லாரும் சொல்வது. அதைப் பயன்படுத்த அந்த இடத்திலேயே மறுபடி ஒப்புதல் கேட்க வேண்டும். கேட்டால் மறுத்துவிடுவாரோ என்று கேட்காமல் வருவது திருட்டு.

கேள்வியே தோற்கும் இடங்களில் வேறு வழிகள் உண்டு. எல் சால்வடாரின் உள்நாட்டுப் போரை ஆராய்ந்த எலிசபெத் ஜீன் வுட், உழவர்களைக் கூட்டாக உட்கார வைத்து, போருக்கு முன்னும் பின்னும் நிலம் யார் கையில் இருந்தது என்று வரைபடம் போடச் சொன்னார். வரையும்போது எல்லை எங்கே என்று தங்களுக்குள் அவர்கள் வாதாடுவதும் சான்றுதானே.

சொல்வது உண்மையா என்ற கவலை எப்போதும் கூடவே வரும். லீ ஆன் ஃபூஜி தம் முனைவர் பட்டத்துக்காக 2004இல் ருவாண்டாவில் இருந்தார். படுகொலை நடந்து பத்தாண்டு ஆகியிருந்தது. கச்சாச்சா என்னும் ஊர் நீதிமன்றங்கள் நாடெங்கும் தொடங்கவிருந்த நேரம். யார் என்ன பேசினாலும் அது நாளை வழக்காகலாம். அங்கே கேட்டவற்றை வைத்து 2010இல் அவர் எழுதிய கட்டுரை, வதந்தி, இட்டுக்கட்டல், மறுப்பு, நழுவல், மௌனம் ஆகிய ஐந்தையும் குப்பையென்று தள்ளக்கூடாது என்கிறது. 'எங்கள் மலையில் ஒன்றும் நடக்கவில்லை' என்று ஒருவர் சாதித்தால், 1994ஐப் பற்றி அது எதுவும் சொல்லாமல் போகலாம். அவர் இன்று யாருக்கு அஞ்சுகிறார் என்பதைச் சொல்லிவிடும். நேர்காணல் பற்றிய முறைநூல்களில் இதைவிடப் பயன்தரும் யோசனை அரிது. ஒருவரை ஒரு முறை பார்த்துவிட்டு ஓடிப்போகாமல் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் இந்த ஐந்தையும் பிரித்தறிய முடியும் என்பது அந்த யோசனையின் உட்பொருள்.

வெளிநாட்டிலிருந்து வந்து, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிக்கொள்பவரை உளவாளி என்று நினைப்பது இயல்பு. உளவாளியும் அதையேதான் செய்கிறார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவியாக கேத்தரின் வெர்டரி 1973இல் கம்யூனிச ருமேனியாவுக்குப் போனார். டிரான்சில்வேனியக் கிராமம் ஒன்றில் தங்கிப் பேசினார், பின்னரும் பலமுறை போய்வந்தார். ஆட்சி கவிழ்ந்து பல ஆண்டுகளுக்குப் பின், செக்குரிட்டாட்டே என்ற ரகசியக் காவல்துறை தன்னைப் பற்றி வைத்திருந்த கோப்பை வாங்கிப் பார்த்தார். 2,781 பக்கங்கள். நண்பர்களும் அண்டை வீட்டாரும் அவரைப் பற்றித் தகவல் கொடுத்திருந்தார்கள். 2018இல் வந்த அவருடைய நூல் அந்தக் கோப்பைப் பற்றியது. தகவல் கொடுத்தவர்கள் மீதான கோபத்தில் நூல் நின்றுவிடவில்லை என்பதே அதன் சிறப்பு. அவரோடு பழகினார்கள் என்பதற்காகவே அவர்கள் காவல்துறையின் கண்ணில் பட்டு, அழைக்கப்பட்டு, மிரட்டப்பட்டார்கள். அவரால் திரும்பிவிட முடிந்தது. அவர்களுக்குப் போக இடமில்லை.

ஆய்வாளரே திரும்பாமற்போன நிகழ்வும் உண்டு. இத்தாலியரான ஜூலியோ ரெஜெனி, கேம்பிரிட்ஜ் மாணவர், எகிப்தின் சுதந்திரத் தொழிற்சங்கங்களைப் பற்றி, குறிப்பாகக் கெய்ரோ தெருவோர வியாபாரிகளிடம் பேசிக்கொண்டிருந்தார். 2016 ஜனவரி 25 அன்று, 2011 எழுச்சியின் ஐந்தாம் ஆண்டு நாளில் காணாமற்போனார். பிப்ரவரி 3 அன்று கெய்ரோ-அலெக்சாந்திரியா சாலையோரத்தில் அவர் உடல் சித்திரவதைத் தழும்புகளோடு கிடந்தது. வயது 28. வியாபாரிகள் சங்கத் தலைவர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் அவரோடு பேசியதை ரகசியமாகப் படம் பிடித்திருந்தது பின்னர் வெளியாயிற்று. அதில் பேச்சு ஆய்வைப் பற்றியது அல்ல, பணத்தைப் பற்றியது. பிரிட்டிஷ் அறக்கட்டளை ஒன்றின் பத்தாயிரம் பவுண்டு நிதிக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று ரெஜெனி சொல்லியிருந்தார். தலைவர் சொந்தத் தேவைக்குப் பணம் கேட்கிறார், மாணவர் அது என் பணமல்ல என்று மறுக்கிறார். ஏழைகளோடு வேலை செய்யும் எந்த ஆய்வாளரும் இந்த உரையாடலைத் தம் களத்தில் அடையாளம் காண்பார். எகிப்தியப் பாதுகாப்பு அதிகாரிகள் நால்வர் மீது அவர்கள் இல்லாமலே ரோமில் 2024இல் வழக்கு விசாரணை தொடங்கியது.

டர்ஹாம் பல்கலைக்கழக மாணவர் மேத்யூ ஹெட்ஜஸ் 2018 மே மாதம் துபாய் விமான நிலையத்தில் உளவாளி என்ற குற்றச்சாட்டில் கைதானார். நவம்பரில் ஆயுள் தண்டனை, சில நாட்களில் மன்னிப்பு. பிரிட்டிஷ் அரசின் அழுத்தம் இல்லாவிட்டால் அந்த மன்னிப்பு வந்திருக்குமா என்பது ஐயமே. தஜிகிஸ்தான் குடிமகனான அலெக்சாந்தர் சோதிக்கோவ் டொரொண்டோ மாணவராக 2014இல் சொந்த நாட்டின் கோரோக் நகரில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது பிடிபட்டு ஒரு மாதத்துக்கு மேல் அடைபட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து தாய்நாட்டுக்குக் களப்பணிக்கு வருகிறவரைக் காக்க எந்தத் தூதரகமும் ஓடிவராது. கனடாவிலும் பிரிட்டனிலும் படித்துவிட்டு வடக்கு இலங்கைக்குக் கேள்விகளோடு போகும் ஈழத்தமிழ் மாணவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். மொழிபெயர்ப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். இதை ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் எல்லாரும் பின்னர் வருந்தியவர்கள்தான். பேசியவரின் முகம் நினைவில் இருக்கும்போதே, அன்றிரவே, குறிப்பையாவது விரித்து எழுதிவிட வேண்டும். பிரதிகள் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் கர்நாடகத்தின் ராம்புராவில் எடுத்த களக்குறிப்புகளைப் பதினெட்டு ஆண்டு சீர்ப்படுத்தி வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு மையத்தில் வைக்கப்பட்ட தீயில் அவற்றின் மூன்று படிகளும் சேர்ந்தே எரிந்தன. பெரும்பாலும் நினைவிலிருந்து அவர் எழுதிய நூல் 1976இல் வந்தது.

அழியாமல் இருப்பதும் ஆபத்தே. பாஸ்டன் கல்லூரிக்காக வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் 2001 முதல் பதிவான ஒலிநாடாக்கள், அவர்கள் இறக்கும் வரை வெளிவராது என்ற வாக்குறுதியின் பேரில் எடுக்கப்பட்டவை. 2011இல் பிரிட்டிஷ் காவல்துறை கேட்டுக்கொள்ள, அமெரிக்க அரசு ஆணை பிறப்பித்தது. நீதிமன்றங்கள் அந்த வாக்குறுதியைச் சட்டத்துக்கு மேலானதாக ஏற்கவில்லை. சில நாடாக்கள் போய்ச்சேர்ந்தன, கைதுகளும் நடந்தன. நீதிமன்றத்தின் முன் காப்பாற்ற முடியாத வாக்கை ஆய்வாளர் கொடுக்கக் கூடாது. பெயரையும் முகவரியையும் ஒலிப்பதிவோடு ஒரே கணினியில் வைக்காதிருப்பதும், தேவையில்லாததைக் கேட்காமலே விடுவதும் பூட்டுச் சாவியைவிட வலுவான காப்பு.

புனைபெயர் இடுவது பழைய வழக்கம். அது எந்த அளவுக்கு உதவும் என்பதை நான்சி ஷெப்பர்-ஹியூஸின் அனுபவம் காட்டியது. பெர்க்லி மாணவியாக 1974-75இல் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டக் கிராமம் ஒன்றில் குடும்பத்தோடு தங்கி, மணமாகாத உழவர்களையும் மனநோயையும் பற்றி ஆராய்ந்தார். ஊருக்கு பாலிபிரான் என்று பெயர் வைத்தார். ஆய்வேடு 1979இல் நூலாகிப் பரிசும் பெற்றது. அயர்லாந்துச் செய்தியாளர் ஒருவர் சிரமமின்றி ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். வெளியாருக்கு மறைந்திருந்த பெயர்கள் ஊராருக்கு மறையவே இல்லை. சமையலறையில் நம்பிச் சொன்னது அச்சில் நிற்பதை அவரவர் அடையாளம் கண்டார்கள். 1999இல் அவர் மறுபடி அங்கே போனபோது ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். பின்னர் புதிய முன்னுரையோடு வந்த பதிப்பில் அவர் இதையெல்லாம் எழுதினார். புனைபெயர் இருக்கிறது என்ற துணிச்சலில்தான் நேரில் சொல்லக் கூசுவதை எழுதிவிடுகிறோம் என்ற அவருடைய கருத்து, அறநெறிப் படிவங்களில் இன்னும் ஏறவில்லை.

எல்லாக் களமும் கசப்பில் முடிவதில்லை. பிரெண்டா பெக் ஆக்ஸ்ஃபோர்ட் பட்டத்துக்காகக் கொங்கு நாட்டுச் சாதி அமைப்பை ஆராய 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் வந்தார். திட்டத்தில் இல்லாத அண்ணன்மார் கதையை ஊர்ப் பாடகர்கள் பாடக் கேட்டு 1965இல் நாடாவில் பதிவு செய்தார். ஆய்வேடு 1972இல் நூலாயிற்று. பதிவு செய்த கதையைத் தமிழும் ஆங்கிலமுமாக அச்சிட்டு, பின்னர் அசைபடமாகவும் ஆக்கி, பல பதிற்றாண்டுகள் அதனோடேயே வாழ்ந்தார். கொங்கு மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது அந்தக் கதைக்காகத்தான்.

பல நாடுகளின் அனுமதி விதிகள் ஆய்வேட்டின் பிரதி ஒன்றைக் கேட்கின்றன. அது தலைநகரத்து அலமாரிக்குப் போகும். பேசியவர்களில் ஒருவரும் அதைப் படிக்கப்போவதில்லை. அயல்நாட்டுக் களப்பணிக்கு இப்போது நிதி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பவர்கள், விமானக் கட்டணத்துக்கு அடுத்த வரியிலேயே இன்னொரு செலவையும் போட்டுவிடட்டும். கண்டறிந்ததை அவ்வூர் மொழியில் பத்துப் பக்கமாக அச்சிட்டு, அச்சுக்கு முன்பே பேசியவர்களிடம் காட்டி, பிறகு கொண்டுபோய்க் கொடுப்பதற்கான இரண்டாவது பயணம். பட்டம் கைக்கு வந்தபின் அந்தப் பணத்தை யாரும் தரமாட்டார்கள்.